மோக்காவைத் திறந்து காட்டும் படம்

அடுப்பில் வைத்துக் காபி போடும் எண்கோண இத்தாலியப் பாத்திரம்தான் மோக்கா. சமையலறைச் சுவருக்கு அதன் படம் தேடுகிறவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய மூன்று பட செட்டில் ஒன்று அபாரம், ஒன்று பாதி சரி, ஒன்று வேண்டாம். அச்சகத்தார் தனித்தனியாகவும் தருகிறார்கள், ஆகவே செட்டாக வாங்க வேண்டிய அவசியமில்லை. 50க்கு 70 செ.மீ. அளவில் ஒரு படம் 29 யூரோ. மூன்றும் சேர்ந்தால் 75 யூரோ. வரி அதிலேயே அடக்கம், பிரேம் தனி.

நான் இருப்பது இத்தாலியின் வடமேற்கில், ஓர்த்தா ஏரிக்குப் பக்கத்தில். சான் மவுரீசியோ தொபால்யோ என்ற ஊர்ப் பக்கம் முழுக்கக் குழாய் செய்கிற தொழிற்சாலைகள். அவற்றில் ஒன்றில் வால்வுகளுக்கு டிராயிங் போடுவது என் வேலை. ஏரியின் வடக்கு முனையில் ஒமேன்யா நகரம். அதன் ஒரு பகுதியான குருசினால்லோவில்தான் அல்ஃபோன்சோ பியாலெத்தியின் பட்டறையிலிருந்து 1933இல் மோக்கா வெளிவந்தது. என்னோடு வேலை பார்க்கிறவர்களில் சிலருடைய அப்பாவோ மாமாவோ அந்த ஆலையில் அலுமினியம் வார்த்தவர்கள். 2010இல் குருசினால்லோ ஆலையை மூடிவிட்டார்கள். பாத்திரத்தின் தயாரிப்பு வெளிநாட்டுக்குப் போய்விட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் மோக்கா என்று சொன்னால் மனிதர்களின் கைவேலை நினைவுக்கு வரும். அதனால் அதைப் படமாக வரைகிறவர் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து வரைய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கடைகளில் கிடைக்கும் மோக்கா படங்களில் பெரும்பாலானவை அந்தப் பிடிவாதத்துக்கு முன் நிற்காது. எண்கோணப் பாத்திரத்தை நேராகப் பார்த்தால் மூன்று முகங்கள் தெரியும், விளிம்பு முன்னால் வரும்படி திருப்பினால் நான்கு தெரியும். பல படங்களில் மேல்பாதியில் மூன்றும் கீழ்பாதியில் ஐந்தும் இருக்கின்றன. பாதுகாப்பு வால்வையே விட்டுவிட்ட படங்களும் உண்டு. வெந்நீர் காய்கிற மூடிய பாத்திரத்தில் வால்வு இல்லை என்றால் அது என்ன ஆகும் என்று வரைந்தவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

இந்த செட்டின் முதல் படம் அப்படியில்லை. மங்கலான வெள்ளைத் தாளில் மோக்காவைப் பாகம் பாகமாகக் கழற்றி ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு மையக்கோடு, ஒரு நீளக்கோடும் ஒரு புள்ளியுமாக, நாங்கள் டிராயிங்கில் போடுகிற அதே முறையில். உச்சியில் குமிழ், மூடி, அடுத்து கைப்பிடியோடு மேல்பாத்திரம், அதன் நடுவே காபி ஏறி வரும் தண்டு. அதற்குக் கீழே ஓட்டை ஓட்டையான வட்டத் தகடும் அதைச் சுற்றிய ரப்பர் வாஷரும். பிறகு காபித் தூள் போடும் புனல். கடைசியில் தண்ணீர் ஊற்றும் கீழ்பாத்திரம், பாதி வெட்டி உள்ளே தெரியும்படி. உலோகம் முழுவதும் சாம்பல் நிறக் கோடுகள்தான். நிறம் மூன்றே இடங்களில்: தண்ணீருக்கு வெளிர்நீலம், காபிக்குப் பழுப்பு, பித்தளை வால்வுக்கு மஞ்சள். எதைப் பார்க்க வேண்டுமோ அங்கே கண் தானாகப் போகிறது.

வெட்டுத்தோற்றத்தில் நான் முதலில் பார்த்தது தண்ணீர் மட்டத்தை. வால்வுக்குச் சற்றுக் கீழே சரியாக நிற்கிறது. தண்ணீர் வால்வை மூடிவிட்டால் ஆபத்து நேரத்தில் நீராவி வெளியேற வேண்டிய வழியில் வெந்நீர் நிற்கும், சுண்ணாம்பும் சீக்கிரம் படியும். வால்வுக்குள் இருக்கிற சிறு ஸ்பிரிங்கையும் அதன் நடுவே ஊசியையும்கூட வரைந்திருக்கிறார்கள். 50க்கு 70 அளவில் அது ஒரு கடுகளவுதான் இருக்கும், ஆனாலும் கோடு கலங்கவில்லை. தொழிலால் வால்வு வரைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை வரைந்தவர் ஒரு மோக்காவைக் கையில் வைத்துக் கழற்றிப் பார்த்தவர்.

அடுத்தது புனலின் வால். அது கீழ்பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் உள்ளே நுழைந்து ஏறுகிறது. காபி வந்து முடிந்த பிறகும் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருப்பதற்குக் காரணமும் அதுதான். மோக்கா கெட்டுவிட்டதோ என்று அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் படம் சுவரில் இருந்தால் அந்தக் கேள்வியே வராது.

எங்கள் வீட்டில் அது உண்மையாகவே நடந்தது. "தண்ணி எப்படிப்பா தானா மேல ஏறும்?" என்று மகள் கேட்டாள். அவளைப் படத்துக்கு முன் நிறுத்தி, தண்ணீருக்கு மேலே காலியாக இருக்கும் இடத்தைக் காட்டினேன். அங்கே அடைபட்ட காற்றும் நீராவியும் சூடேறி விரிகின்றன. போக வழியில்லாததால் தண்ணீரைக் கீழே அமுக்குகின்றன. அமுங்கிய தண்ணீருக்கு இருக்கிற ஒரே வழி புனலின் வால். அதில் ஏறி, தூளை நனைத்துக் கடந்து, வட்டத் தகட்டைத் தாண்டி, தண்டின் உச்சியிலிருந்து காபியாக வழிகிறது. மகள் விரலால் அந்த வழியை ஒரு முறை கீழிருந்து மேலே இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்போ தண்ணிய யாரோ தள்ளுறாங்க, அது ஏறல" என்றாள். இயற்பியல் பாடப் புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். அலங்காரத்துக்கு மாட்டிய படம் இந்த வேலையையும் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மேலே ஏறும் தண்ணீர் என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவு வரும். ஓர்த்தா ஏரியிலிருந்து வெளியேறும் நிகோல்யா ஓடை ஒமேன்யாவைக் கடந்து வடக்கே, ஆல்ப்ஸ் மலைப் பக்கமாக ஓடுகிறது. பக்கத்து ஏரிகளின் தண்ணீரெல்லாம் தெற்கே சமவெளிக்குப் போகும்போது இது மட்டும் எதிர்த்திசை. "நிகோல்யா மேல்நோக்கி ஓடும், சட்டத்தை நாங்களே எழுதுவோம்" என்று ஒமேன்யாக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் பழமொழியே இருக்கிறது. தண்ணீரை மேலே அனுப்பும் பாத்திரம் அந்த ஓடைக்கரையிலேயே பிறந்தது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

படத்தில் என்னை முழுதாகக் கவர்ந்தது வேறொரு நுணுக்கம். இடது ஓரத்தில் முழுதாகப் பொருத்திய மோக்கா ஒன்றைச் சிறியதாக வரைந்திருக்கிறார்கள். அதில் மேல்பாதியின் விளிம்புகளும் கீழ்பாதியின் விளிம்புகளும் ஒரே கோட்டில் இல்லை, லேசாக விலகி நிற்கின்றன. பார்ப்பவர்கள் பிழை என்று நினைக்கலாம், ஆனால் இதுதான் நிஜம். இரண்டு பாதிகளும் மரையில் திருகிச் சேர்பவை. வாஷர் புதிதாக இருக்கும்போது ஓரிடத்தில் இறுகும், தேய்ந்து மெலிந்த பிறகு இன்னும் சற்றுத் தள்ளிப் போய் இறுகும். தினமும் காபி போடுகிற வீட்டில் இருக்கும் மோக்காவின் முகங்கள் அப்படி விலகித்தான் நிற்கும். விளம்பரத்தில் வரும் மோக்கா மட்டுமே நேராக நிற்கும். வரைந்தவர் வீட்டு மோக்காவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

எட்டு முகங்களும் வெறும் அழகுக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உருண்டைப் பாத்திரத்தை ஈரக்கையால் திருகினால் வழுக்கும். விளிம்பு இருந்தால் பிடி கிடைக்கும். 1930களின் அழகு ரசனையும் பட்டறை அறிவும் அந்த வடிவத்தில் சேர்ந்தே இருக்கின்றன. அலுமினியமும் அந்தக் காலத்தின் முத்திரைதான். அதன் தாதுவான பாக்சைட் இத்தாலியிலேயே கிடைத்ததால் அன்றைய அரசு அதை நாட்டின் சொந்த உலோகமாக முன்னிறுத்தியது. பியாலெத்தி அதற்கு முன்பே பிரான்சில் பல ஆண்டுகள் அலுமினிய வேலை கற்றுத் திரும்பியிருந்தார்.

படத்தின் அடியில் ஒரே ஒரு வரி: மோக்கா, குருசினால்லோ, 1933. மேற்கோளோ வாசகமோ கிடையாது. மீசைக்காரரும் இல்லை. ஒரு விரலைத் தூக்கி நிற்கும் அந்தக் குட்டை மனிதரைச் சிலர் இந்தப் படத்தில் தேடக்கூடும். அவர் 1953இல் பாவுல் கம்பானி வரைந்த உருவம், பியாலெத்தி நிறுவனத்தின் வணிகச்சின்னம். அல்ஃபோன்சோவின் மகன் ரெனாத்தோ போருக்குப் பிறகு தொழிலைக் கையில் எடுத்து, விளம்பரத்தை நம்பி, மோக்காவை இத்தாலி முழுக்கக் கொண்டு சேர்த்தவர். 1957இல் தொடங்கி இருபது ஆண்டுகள் தினமும் மாலையில் ஒளிபரப்பான தொலைக்காட்சி விளம்பர நிகழ்ச்சியில் மீசைக்காரர் வந்ததால் இன்றும் பாட்டிகளுக்கும் பேரன்களுக்கும் அவரைத் தெரியும். ரெனாத்தோ 2016இல் 93 வயதில் இறந்தபோது அவர் அஸ்தியை ஒரு பெரிய மோக்காவுக்குள் வைத்து அடக்கம் செய்தார்கள். இவ்வளவு பேருடைய நினைவில் இருக்கும் உருவத்தை அனுமதி வாங்காமல் மலிவு போஸ்டர்களில் அச்சடித்து விற்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இந்த அச்சகத்தார் அதைத் தொடாமல் விட்டதை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது படம் நேப்பிள்ஸ்காரர்களின் குக்குமெல்லா. மோக்காவுக்கு வெகுகாலம் முன்பே அடுப்பில் காபி போட்ட பாத்திரம் இது. 1819இல் பாரிஸில் மொரிஸ் என்ற தகரவேலைக்காரர் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுவது நேப்பிள்ஸுக்கு வந்து அந்த ஊருக்கே சொந்தமாகிவிட்டது. இதில் அழுத்தம் எதுவும் கிடையாது. கீழ்ப்பகுதியில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, மொத்தத்தையும் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வெந்நீர் தூள் வழியாகத் தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாக இறங்கும். படம் இதை இரண்டு நிலைகளாகக் காட்டுகிறது, கவிழ்ப்பதற்கு முன்பு, கவிழ்த்த பிறகு. யோசனை அருமை. கவிழ்த்த பிறகு மூக்கின் மேல் மாட்டும் காகிதக் கூம்பையும் வரைந்திருக்கிறார்கள். சொட்டி முடியும்வரை மணம் வெளியேறாமல் இருக்க நேப்பிள்ஸில் செய்கிற வேலை அது. அதை வரையத் தெரிந்தவருக்கு அந்த ஊர் தெரிந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் முதல் நிலையில் தவறு. அடுப்பில் இருக்கும்போது மூக்குள்ள பாத்திரம் மேலே தலைகீழாக உட்கார்ந்திருக்கும், ஆகவே மூக்கு கீழே பார்க்கும். கவிழ்த்த பிறகுதான் அது நிமிரும். படத்தில் இரண்டு நிலைகளிலும் மூக்கு மேலே பார்க்கிறது. கவிழ்ப்பதுதான் இந்தப் பாத்திரத்தின் முழு விஷயமே, அதிலேயே பிழை இருந்தால் எப்படி? தண்ணீர்ப் பகுதியின் மேல்விளிம்புக்கு அருகில் இருக்க வேண்டிய சிறு துளையும் இல்லை. அதிலிருந்து ஆவி வந்தால்தான் தண்ணீர் கொதித்ததும் கவிழ்க்கும் நேரம் வந்ததும் தெரியும். நேப்பிள்ஸ் வீட்டில் வளர்ந்தவர் கண்ணில் இது உடனே படும். அழகாக வரைந்த படம் என்பதால்தான் பாதி சரி என்றேன்.

மூன்றாவது படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய காலத்து விளம்பரம் போல, அடர்சிவப்புப் பின்னணியில் கொழுந்துவிட்டு எரியும் அடுப்பின் மேல் மோக்கா, பக்கத்தில் தடித்த நுரையோடு ஒரு கோப்பை. தீ பாத்திரத்தின் இடுப்புவரை ஏறியிருக்கிறது. அப்படி வைத்தால் பேக்லைட் கைப்பிடி கருகும், காபி தீய்ந்த வாசம் அடிக்கும். அடியைத் தாண்டாத சிறு தீதான் மோக்காவுக்கு. நுரையும் அப்படியே. காபிக் கடை இயந்திரம் 9 பார் அழுத்தத்தில் தருகிற நுரையை ஒன்று, ஒன்றரை பாரில் வேலை செய்யும் மோக்காவிடம் எதிர்பார்க்க முடியாது. மோக்காவின் பெருமை அந்த நுரையில் இல்லை, அதன் காபிக்கென்று ஒரு கனமும் கசப்பும் இருக்கின்றன. பழைய விளம்பரப் பாணிதான் பிடிக்கும் என்றால் 1922இல் லியோனெத்தோ கப்பியெல்லோ தூரின் நகரத்து விக்டோரியா ஆர்துயினோ நிறுவனத்துக்காக வரைந்த போஸ்டரின் நல்ல மறுபதிப்பு ஒன்றைத் தேடுங்கள். மஞ்சள் கோட்டு போட்டவர் ஓடும் ரயிலிலிருந்து உடம்பை வெளியே நீட்டி இயந்திரத்திலிருந்து காபி பிடிக்கும் படம். அது மோக்காவுக்கு முந்தியது, அடுப்புக் காபியும் இல்லை, ஆனாலும் ஒரு இயந்திரத்தின் மீதிருக்கும் உற்சாகத்தை எப்படி வரைவது என்று அதைப் பார்த்தால் புரியும்.

அச்சு, தாள் விஷயத்தில் மூன்றுமே நன்று. பருத்தித் தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம், பளபளப்பு இல்லாதது. ஜன்னல் வெளிச்சம் பட்டாலும் கண் கூசவில்லை. மெல்லிய கோடுகளின் ஓரத்தில் மை பரவவில்லை. படங்கள் குழாயில் சுருட்டி வருகின்றன. இவ்வளவு தடித்த தாள் சுருட்டையை எளிதில் விடாது. பிரேம் போடுவதற்கு முன் கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்துவிடுங்கள். எனக்கு வந்த முதல் குழாய் ஒரு முனையில் நசுங்கியிருந்தது, குக்குமெல்லா படத்தின் ஓரத்தில் மடிப்பு விழுந்திருந்தது. போட்டோ அனுப்பினேன். எதுவும் கேட்காமல் புதிய பிரதி அனுப்பிவிட்டார்கள்.

படத்தின் அடிவரியில் குடும்பப் பெயரைச் சேர்த்துத் தருவதாகவும் சொல்கிறார்கள், கூடுதலாக 6 யூரோ. யோசித்துச் செய்யுங்கள். இங்கே இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். உங்களுக்கென்று தனியாகச் செய்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. நிறமோ அளவோ உங்கள் சுவருக்குப் பொருந்துமா என்று சந்தேகம் இருந்தால் முதலில் பெயரில்லாமல் வாங்கிப் பார்ப்பதே நல்லது.

மாட்டும் இடம் முக்கியம். அடுப்புக்கு நேர் மேலே எந்தப் படமும் வேண்டாம். ஆவியும் எண்ணெய்ப் புகையும் தாளை மஞ்சளாக்கிவிடும், பிரேமுக்குள் ஈரம் புகுந்தால் தாள் அலையலையாக நெளியும். அடுப்பிலிருந்து விலகிய பக்கச் சுவரில், நேர் வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். கண்ணாடியா அக்ரிலிக்கா என்றால், சமையலறைக்கு நான் கண்ணாடியைத்தான் சொல்வேன். அக்ரிலிக்கை எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்தால் கீறல் விழும். தாள் கண்ணாடியைத் தொடாமல் இருக்க நடுவில் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு பிரேம் செலவு படத்தின் விலையைத் தாண்டியது, ஆனால் இந்தப் படத்துக்கு அது தகும். உயரத்தையும் கவனியுங்கள். வழக்கமாகக் கண்மட்டத்தில் மாட்டச் சொல்வார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதல் படத்தை ஒரு சாண் கீழே இறக்குங்கள், வால்வு அவர்கள் கண்ணுக்கு நேராக வரட்டும்.

இந்தப் படம் பிடித்துப்போனவர்கள் ஒமேன்யாவுக்கு வர நேர்ந்தால் அங்கிருக்கும் தொழிற்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். பியாலெத்தி, அலெஸ்ஸி, லகோஸ்தீனா என்று இந்தச் சிறு நகரத்தைச் சுற்றி உருவான பாத்திரத் தொழிலின் கதையை அங்கே பார்க்கலாம். அலெஸ்ஸிக்கும் மோக்காவுக்கும் ரத்த உறவே உண்டு. அந்த நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்திய ஆல்பர்தோ அலெஸ்ஸிக்கு அல்ஃபோன்சோ பியாலெத்தி தாய்வழித் தாத்தா. ரிச்சர்ட் சாப்பர் 1979இல் வடிவமைத்த 9090 என்ற காபிப் பாத்திரம், ஆல்தோ ரோஸ்ஸியின் கூம்புத் தலை லா கோனிகா காபிப் பாத்திரம், ரிக்கார்தோ தலீசி பல ஆண்டு ஆராய்ந்து மறுபடி வடிவமைத்த குக்குமெல்லா எல்லாம் அலெஸ்ஸியில் செய்தவை. இவற்றையும் இதே போல வெட்டித் திறந்து வரைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! குறிப்பாக 9090. அதில் மரையே கிடையாது, கைப்பிடியை நெம்புகோலாக இழுத்து மூடுவது. அந்தப் பூட்டை ஒரு வெட்டுத்தோற்றத்தில் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை.

குக்குமெல்லாவின் மூக்கைப் பற்றியும் துளையைப் பற்றியும் அச்சகத்தாருக்கு எழுதினேன், பென்சிலில் ஒரு திருத்தப் படமும் வரைந்து அனுப்பினேன். அடுத்த அச்சில் சரி செய்வதாகப் பதில் வந்திருக்கிறது. திருத்திய பிரதி வரும்வரை இரண்டாவது படத்தை வாங்காமல் பொறுத்திருங்கள். முதல் படத்தை இன்றைக்கே வாங்கலாம், அதுவும் 50க்கு 70 அளவில்தான். 30க்கு 40 அளவும் 18 யூரோவுக்குத் தருகிறார்கள், ஆனால் அதில் வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங் வெறும் கறுப்புப் புள்ளியாகிவிடுகிறது.